மருந்துக்கு அடங்காத சிறுநீர்த் தொற்று: ஆபத்து யாருக்கு, வைத்தியரிடம் என்ன சொல்ல வேண்டும்

சலக்கடுப்பு என்று வைத்தியரிடம் போகும் ஒருவருக்கு எழுதப்படும் முதல் மருந்து பெரும்பாலும் ஒரு கணிப்பின் பேரிலேயே எழுதப்படுகிறது. எந்தப் பற்றீரியா தொற்றியிருக்கிறது, அது எந்த மருந்துக்கு அடங்கும் என்பதைக் காட்டும் வளர்ப்புப் பரிசோதனையின் (கல்ச்சர்) முடிவு வந்து சேர இரண்டு மூன்று நாட்களாகும். எரிவோடும் அடிவயிற்று வலியோடும் வந்திருப்பவரை அதுவரை வெறுங்கையோடு அனுப்ப முடியாது. ஆகவே வைத்தியர் நோயாளியின் வயது, பழைய வருத்தங்கள், அண்மையில் எடுத்த மருந்துகள் ஆகியவற்றைக் கேட்டறிந்து, இந்தத் தொற்று வழக்கமான மருந்துக்கு அடங்குமா என்று தீர்மானிக்கிறார். அந்தத் தீர்மானத்துக்கு வேண்டிய தகவல்களில் பெரும்பகுதி நோயாளியிடமும் அவருடைய வீட்டாரிடமுமே இருக்கின்றன. மாலை வேளையில், தனியாகப் பணம் கட்டி வைத்தியரைப் பார்க்கும் சனலிங் நிலையத்தின் வாங்குகள் நிரம்பி வழியும்போது, கேட்கப்படாமலும் சொல்லப்படாமலும் தவறிப்போவதும் அந்தத் தகவல்களே.

அவற்றை முன்கூட்டியே திரட்டி, நமக்கோ நம் வீட்டு முதியவர்களுக்கோ வந்திருக்கும் தொற்று மருந்துக்கு எதிர்ப்புப் பெற்ற கிருமியால் வந்ததாக இருக்கக்கூடுமா என்று எண்ணிப் பார்த்து, வைத்தியரிடம் சுருக்கமாக எடுத்துச் சொல்வது எப்படி என்பதையே இங்கே எழுதுகிறேன். எந்தக் குளிசையை எடுப்பது என்பதை வைத்தியர்தான் முடிவு செய்ய வேண்டும். மருந்துகளின் பெயர்கள் கீழே வருவது, வைத்தியர் எழுதித் தந்த பழைய மருந்துத் துண்டுகளிலும் குளிசை அட்டைகளிலும் அவற்றை அடையாளம் காண்பதற்காக மட்டுமே.

கிருமி இருப்பது குடலில்

சிறுநீர்த் தொற்றுகளில் பெரும் பங்கை உண்டாக்குவது ஈ.கோலை என்னும் பற்றீரியா. அது நம் ஒவ்வொருவரின் பெருங்குடலிலும் எப்போதும் வாழ்ந்துகொண்டிருக்கிறது. அங்கே இருக்கும் வரை தீங்கில்லை, மலவாயிலின் பக்கத்திலிருந்து சிறுநீர்வழிக்குள் ஏறிவிட்டால் நோயாகிறது. பெண்களின் சிறுநீர்வழி ஏறத்தாழ 4 சென்ரிமீற்றர் நீளமே உடையது என்பதால் அவர்களுக்கு இந்தத் தொற்று அடிக்கடி வருகிறது.

இதை முதலில் சொல்வதற்குக் காரணம் உண்டு. தொண்டை நோவுக்கு எடுத்த நுண்ணுயிர்கொல்லியும் (அன்டிபயோட்டிக்), பல் வீக்கத்துக்கு எடுத்ததும், காலில் பட்ட புண்ணுக்கு எடுத்ததும் இரத்தத்தோடு மட்டும் நிற்பதில்லை; குடலிலுள்ள பற்றீரியாக்கள் மேலும் அவை வேலை செய்கின்றன. மருந்துக்கு அடங்குபவை அழிய, அடங்காத சில அந்த வெற்றிடத்தில் பெருகிக் குடியேறுகின்றன. சில வாரங்கள் கழித்துச் சிறுநீர்வழிக்குள் ஏறுவது அந்தக் கூட்டத்தைச் சேர்ந்த ஒன்றாக இருந்தால், முதல் மருந்து பலிக்காது. எதிர்ப்புத் தன்மைக்கான மரபணுக்கள் பிளாஸ்மிட் எனப்படும் சிறு வளையங்களில் இருக்கும்போது, ஒரு பற்றீரியா அதனைப் பக்கத்திலுள்ள வேறு இனப் பற்றீரியாவுக்கும் கைமாற்றிவிடுகிறது. ஒரே வளையத்தில் பல மருந்துகளுக்கான எதிர்ப்பு சேர்ந்திருக்கக்கூடும் என்பதால், நீங்கள் ஒருபோதும் எடுத்திராத மருந்துக்கும் உங்கள் கிருமி அடங்காமல் இருக்கலாம்.

இவ்வகையில் நமக்கு அதிகத் தொல்லை தருவது, ஆய்வுகூட அறிக்கைகளில் ஈ.எஸ்.பி.எல். என்று குறிக்கப்படும் நொதியத்தைச் சுரக்கும் பற்றீரியா. பெனிசிலின் வகைகளையும் செபலோஸ்போரின் வகைகளில் பெரும்பாலானவற்றையும் அந்த நொதியம் உடைத்துப்போடுகிறது. செபிக்சிம், செபுரொக்சிம் போன்ற, வீடுகளில் நன்கு தெரிந்த குளிசைகள் அங்கே பயனற்றவையாகிவிடுகின்றன. 2020ஆம் ஆண்டுத் தரவுகளின்படி ஈ.கோலையால் வந்த சிறுநீர்த் தொற்றுகளில் ஐந்தில் ஒன்று அம்பிசிலின், கோ-ட்ரைமொக்சசோல், சிப்ரோபுளொக்சசின் வகை போன்ற வழக்கமான மருந்துகளுக்குச் சரியாக அடங்கவில்லை என்று உலக சுகாதார நிறுவனம் தெரிவித்திருக்கிறது. அது உலகளாவிய கணக்கு. உங்கள் வீட்டு நோயாளிக்கு அந்த வாய்ப்பு கூடவா குறையவா என்பதைக் கீழுள்ள கேள்விகளே காட்டும்.

முதற் கேள்வி: கடந்த ஓராண்டில் என்ன மருந்து எடுத்தீர்கள்

மற்ற எல்லாக் கேள்விகளையும் விட இதற்கே நான் அதிக எடை கொடுப்பேன். 2010இல் பி.எம்.ஜே. மருத்துவ சஞ்சிகையில் வெளியான ஓர் ஆய்வுத் தொகுப்பு, நுண்ணுயிர்கொல்லி எடுத்து இரண்டு மாதங்களுக்குள் வரும் சிறுநீர்த் தொற்றில் எதிர்ப்புப் பெற்ற கிருமி இருப்பதற்கான சாத்தியம், எடுக்காதவரோடு ஒப்பிடுகையில் ஏறத்தாழ இரண்டரை மடங்கு என்று கண்டது. காலம் செல்லச் செல்ல அது குறைகிறது. ஆனாலும் பன்னிரண்டு மாதங்கள் வரை முற்றாக மறையவில்லை. மருந்து எடுத்த நாட்கள் கூடினாலும், திரும்பத் திரும்ப எடுத்தாலும் ஆபத்து கூடுகிறது.

ஆகவே, "மருந்து ஏதும் எடுத்தீர்களா?" என்று வைத்தியர் கேட்கும்போது சலக்கடுப்புக்கு எடுத்ததை மட்டும் நினைத்துப் பதில் சொல்லக்கூடாது. மாரி காலத்தில் டெங்கு என்று தெரியுமுன் காய்ச்சலுக்கு எடுத்தது, பல் பிடுங்கியபோது கொடுத்தது, கண் சத்திரசிகிச்சைக்குப் பின் எடுத்தது எல்லாம் கணக்கில் சேரும். கூடுதலாக விசாரிக்க வேண்டியவை சிப்ரோபுளொக்சசின், நோர்புளொக்சசின், லெவோபுளொக்சசின் ஆகியன. இவ்வகை மருந்தை ஆறு மாதங்களுக்குள் எடுத்தவருக்கு அதே வகையை மறுபடி தொடங்குவதைப் பொதுவாகத் தவிர்ப்பார்கள்.

இங்கேதான் நம் ஊரில் ஒரு நடைமுறைச் சிக்கல் குறுக்கிடுகிறது. நுண்ணுயிர்கொல்லிகளை வைத்தியரின் துண்டு இல்லாமல் விற்பது இலங்கையில் அனுமதிக்கப்பட்டதல்ல. ஆயினும் பழைய துண்டைக் காட்டியோ, பெயரைச் சொல்லியோ நாலு குளிசை வாங்கி வருகிற வழக்கம் முற்றாக ஒழியவில்லை. அப்படி வாங்கிய குளிசைகளை மேசை லாச்சியிலிருந்து எடுத்துப் பாருங்கள். பத்துக் குளிசை அட்டையில் நாலைக் கத்தரித்துத் தரும்போது மருந்தின் பெயர் அச்சான பகுதி கடையில் நின்றுவிடுகிறது; வீட்டுக்கு வந்த துண்டில் இருப்பது வெள்ளித் தாளும், பாதி எழுத்தும், காலாவதித் திகதியின் கடைசி இரண்டு இலக்கங்களும் மட்டுமே. அதைக் கையில் வைத்துக்கொண்டு "ஒரு மஞ்சள் குளிசை, காலையும் இரவும்" என்று முதியவர் சொன்னால் எந்த வைத்தியராலும் எதையும் கண்டுபிடிக்க முடியாது. மருந்தகத்தில் குளிசைகளைக் கடித உறையில் போட்டுத் தரும்போது அதன் மேல் மருந்தின் பெயர், அளவு, திகதி ஆகிய மூன்றையும் எழுதித் தரும்படி கேளுங்கள். கேட்பதற்குத் தயங்க வேண்டியதில்லை. அது நோயாளியின் உரிமை.

வெளிநாட்டிலிருந்து வருபவர்களின் பொதிகளில் வரும் மருந்துகளும் இதே கணக்கில் அடங்கும். கனடாவிலோ இலண்டனிலோ ஒருவருக்கு எழுதிக் கொடுத்து எஞ்சிய குளிசைகளை, "நல்ல மருந்து, வைத்திருங்கோ" என்று தாய் தகப்பனிடம் கொடுத்துவிட்டுப் போகிறார்கள். அன்பினால் செய்வதுதான். ஆனால் அந்தக் குளிசைகள் தேவையில்லாத நாளில், தேவையில்லாத வருத்தத்துக்கு, அரைகுறை அளவில் எடுக்கப்பட்டு, குடலில் அடங்காத கிருமிகளுக்கு இடம் பண்ணிக் கொடுக்கின்றன.

மற்றக் கேள்விகள்

முன்பு எப்போதாவது சிறுநீர் வளர்ப்புப் பரிசோதனையில் எதிர்ப்புப் பெற்ற கிருமி கண்டிருந்தால் அது மிக வலுவான சான்று. அண்மைய ஓராண்டுக்குள் ஈ.எஸ்.பி.எல். என்று அறிக்கை வந்திருந்தால், இம்முறையும் அதே கிருமியாக இருக்கலாம் என்றே தொடங்க வேண்டும். பழைய தொற்று மாறிய பிறகும் அது குடலில் மாதக்கணக்கில் தங்கிவிடுகிறது.

கடந்த சில மாதங்களுக்குள் வைத்தியசாலையில் தங்கியிருந்தாரா என்பது அடுத்தது. யாழ்ப்பாணம் போதனா வைத்தியசாலையாக இருந்தாலும், தெல்லிப்பழை, பருத்தித்துறை, சாவகச்சேரி ஆதார வைத்தியசாலைகளாக இருந்தாலும், கொழும்பில் தனியார் வைத்தியசாலையாக இருந்தாலும் நிலைமை ஒன்றே. வலுவான மருந்துகள் அதிகம் பயன்படும் எந்த நோயாளர் விடுதியிலும் அவற்றுக்கு அடங்காத கிருமிகள் இருக்கும். இது எந்த வைத்தியசாலையின் மீதும் குறை சொல்வதாகாது. உலகம் எங்கும் அப்படித்தான். வீடு திரும்பும்போது தரும் டயக்னோசிஸ் கார்ட்டில் ஊசி மூலம் ஏற்றிய நுண்ணுயிர்கொல்லிகளின் பெயர்கள் எழுதப்பட்டிருக்கும்; நோயாளிக்குத் தம் உடலில் என்ன ஏறியது என்று தெரியாவிட்டாலும் அந்தத் தாளுக்குத் தெரியும்.

சிறுநீர்க்குழாய் போட்டிருப்பவர்களின் நிலை தனியானது. புரோஸ்ரேற் சுரப்பி வீங்கிச் சிறுநீர் அடைத்ததால் குழாய் போட்டு, சத்திரசிகிச்சைக்கான திகதியை எதிர்பார்த்து வீட்டில் இருக்கும் ஐயாமார் நம்மிடையே பலர். குழாய் உள்ளே இருக்கும் ஒவ்வொரு நாளும் நூற்றுக்கு மூன்று முதல் ஏழு பேர் வரை புதிதாகச் சிறுநீரில் பற்றீரியா பெறுகிறார்கள்; ஒரு மாதம் தாண்டினால் ஏறத்தாழ எல்லோருக்கும் இருக்கும். குழாயின் உட்சுவரில் பற்றீரியாக்கள் வழவழப்பான படலமாகப் படிந்து வாழ்வதால் மருந்து அவற்றை முழுமையாக எட்டுவதில்லை. ஆகவே குழாய் இருப்பவருக்கு உண்மையான தொற்று வந்தால், இரண்டு வாரத்துக்கு மேற்பட்ட குழாயை மாற்றி, புதிய குழாயிலிருந்தே பரிசோதனைக்குச் சிறுநீர் எடுக்க வேண்டும். பையில் தேங்கிய சிறுநீரை ஒருபோதும் பரிசோதனைக்குக் கொடுக்கக்கூடாது. பை எப்போதும் இடுப்புக்குக் கீழே தொங்க வேண்டும், ஆனால் நிலத்தில் படக்கூடாது. பையை வெறுமையாக்குபவர் முன்னும் பின்னும் சவர்க்காரம் போட்டுக் கை கழுவ வேண்டும். குழாய் இனியும் தேவையா என்று ஒவ்வொரு கிளினிக்கிலும் கேளுங்கள். தேவையில்லாத குழாயை எடுத்துவிடுவதை விடச் சிறந்த தடுப்பு வேறில்லை.

சிறுநீரகக் கல், பிறவியிலிருந்து வரும் அமைப்புக் குறைபாடு, சிறுநீர் முழுவதும் வெளியேறாமல் தேங்குதல் ஆகியவை கிருமிக்கு ஒளிந்திருக்க இடம் கொடுப்பவை. கல்லுக்குள் இருக்கும் பற்றீரியாவை மருந்து எட்டாததால் தொற்று அடங்கி மறுபடி கிளம்பும், ஒவ்வொரு முறையும் புதிய மருந்து எழுதப்படும், அந்த மருந்துகளின் வரிசையே எதிர்ப்பை வளர்க்கும். ஆறு மாதத்தில் இரண்டு தடவை அல்லது ஓராண்டில் மூன்று தடவை தொற்று வந்தவர், மருந்தை மட்டும் மாற்றிக்கொண்டிராமல், ஸ்கான் எடுத்துக் காரணம் தேடவேண்டுமா என்று வைத்தியரிடம் கேட்பது நல்லது. சீனி வருத்தம் உள்ளவர்கள், நாட்பட்ட சிறுநீரக நோயாளர், முதியவர், உடலின் நோய் எதிர்ப்புச் சக்தியை அடக்கும் மருந்து எடுப்பவர் ஆகியோரும் கூடிய ஆபத்து உடையவர்கள். இவர்கள் அடிக்கடி மருந்தும் வைத்தியசாலையுமாக இருப்பது அதற்கு ஒரு பகுதிக் காரணம்.

பயணம் பற்றிய கேள்வியை வெளிநாட்டில் வாழும் நம்மவர்கள் கவனமாகப் படிக்க வேண்டும். 2017இல் வெளியான ஒரு நெதர்லாந்து ஆய்வு ஏறத்தாழ 2000 பயணிகளைப் பயணத்துக்கு முன்னும் பின்னும் பரிசோதித்தது. புறப்படும்போது ஈ.எஸ்.பி.எல். கிருமி இல்லாதிருந்தவர்களில், தெற்காசியாவுக்குப் போய் வந்தோரில் நாலில் மூன்று பேர் அதைக் குடலில் சுமந்தபடி திரும்பினார்கள். பயணத்தில் கிருமி பெற்றவர்களில் பத்தில் ஒருவருக்கு மேற்பட்டோர் ஓராண்டு கழிந்தும் அதைச் சுமந்தார்கள். சிலர் வீட்டில் உள்ளவர்களுக்கும் கொடுத்தார்கள். சுமப்பது நோய் அல்ல. பெரும்பாலானோருக்கு ஒன்றும் நேர்வதில்லை. ஆனால் நல்லூர்த் திருவிழாவுக்கு வந்து போன ஒருவருக்கு ஐப்பசியில் ரொறன்ரோவில் சலக்கடுப்பு வந்தால், இலங்கை போய் வந்ததை அங்குள்ள வைத்தியரிடம் தாமாகவே சொல்ல வேண்டும். இதே கணக்கை இங்கே வாழ்பவர் கோணத்திலிருந்தும் பார்க்க வேண்டும்: இந்தக் கிருமி நம் சுற்றாடலில் பரவலாக இருக்கிறது என்பதே அதன் பொருள். சுண்ணக்கல் நிலத்தில் மலகூடக் குழியும் கிணறும் அருகருகே அமைந்த வளவுகளில் கழிவு கிணற்று நீரில் எளிதில் கலக்கிறது. குடிக்கும் நீரைக் கொதிக்க வைப்பதும், மலகூடத்துக்குப் பின்னும் சமையலுக்கு முன்னும் கை கழுவுவதும் வயிற்றோட்டத்தை மட்டும் தடுப்பவை அல்ல.

ஒரு பக்கத் தாள்

இவை அனைத்தையும் ஒரே தாளில் எழுதி, கிளினிக் கொப்பியின் உள் அட்டையில் ஒட்டி வையுங்கள். மேலே பெயரும் வயதும். ஒவ்வாமை ஏதும் இருந்தால் சிவப்பு மையில். கர்ப்பிணி எனில் எத்தனையாவது வாரம். அதன் கீழே, கடந்த ஓராண்டில் எடுத்த நுண்ணுயிர்கொல்லி ஒவ்வொன்றும் எந்த மாதம், எதற்காக, எத்தனை நாள், சுகம் கிடைத்ததா என்று ஒரு வரியில். பிறகு பழைய வளர்ப்புப் பரிசோதனை அறிக்கைகளின் திகதியும் கிருமியின் பெயரும். வைத்தியசாலையில் தங்கிய மாதம், குழாய் போட்டிருந்தால் போட்ட திகதியும் கடைசியாக மாற்றிய திகதியும், கல், சீனி வருத்தம், சிறுநீரகத்தின் நிலை. சிறுநீரகம் எவ்வளவு வேலை செய்கிறது என்பதைக் காட்டும் இரத்தப் பரிசோதனையான கிறியேற்றினின் அளவு தெரிந்தால் அதையும் எழுதுங்கள், ஏனெனில் நைற்றோபியூரன்ரோயின் போன்ற மருந்தின் பயன் சிறுநீரகம் வேலை செய்யும் அளவைப் பொறுத்தது.

தாய் தகப்பன் இங்கே தனியாக இருக்க, பிள்ளைகள் கடல் கடந்து இருக்கும் வீடுகளில், இந்தத் தாளின் படத்தை எல்லோருடைய தொலைபேசியிலும் வைத்திருப்பது பெரிய உதவி. நள்ளிரவில் அம்மாவைக் கூட்டிப்போகும் பக்கத்து வீட்டுத் தம்பிக்கு இந்த விவரங்கள் எதுவும் தெரிந்திருக்காது.

வைத்தியரிடம் இதைக் காட்டும்போது, "போன மாதம் சிப்ரோபுளொக்சசின் எடுத்தவ, தை மாதத்து கல்ச்சரில் ஈ.எஸ்.பி.எல். வந்தது, மருந்து தொடங்க முன்னம் கல்ச்சர் எடுக்கலாமோ?" என்று கேட்டாலே போதும். இளம் பெண்ணுக்கு முதல் தடவையாக வரும் எளிய தொற்றுக்குப் பல வேளைகளில் வளர்ப்புப் பரிசோதனை தேவைப்படாது. மேற்சொன்ன ஆபத்துகளில் ஒன்றேனும் உள்ளவர்களுக்கும், ஆண்களுக்கும் சிறுவருக்கும் கர்ப்பிணிகளுக்கும் அது கட்டாயம் வேண்டும்.

சிறுநீரைச் சரியாகக் கொடுத்தல்

எவ்வளவு நல்ல ஆய்வுகூடமும் கெட்டுப்போன மாதிரியிலிருந்து நல்ல விடையை எடுக்க முடியாது. நான் மிகவும் கவலைப்படுகிற இடம் இது. மருந்தின் முதற் குளிசைக்கு முன் சிறுநீரை எடுத்துவிட வேண்டும். ஒரு வேளை மருந்து உள்ளே போனாலே கிருமி வளராமல் "நோ க்ரோத்" (வளர்ச்சி இல்லை) என்று வந்து எல்லோரையும் ஏமாற்றிவிடக்கூடும்.

ஆய்வுகூடத்தில் தரும் கிருமி நீக்கிய போத்தலையே பயன்படுத்துங்கள். கழுவிய ஜாம் போத்தல் ஆகாது. கை கழுவி, மறைவிடத்தை வெறும் தண்ணீரால் கழுவி, பெண்கள் மறைவிடத்தின் உதடுகளை விரல்களால் விலக்கிப் பிடித்து, ஆண்கள் முன்தோலைப் பின்னிழுத்து, முதலில் வரும் சிறுநீரை மலகூடத்துக்குள் விட்டு, இடையில் வருவதைப் போத்தலில் பிடித்து, மிச்சத்தை மறுபடி வெளியே விட வேண்டும். போத்தலின் உட்பக்கத்தையும் மூடியின் உட்பக்கத்தையும் தொடக்கூடாது.

பிறகு நேரம். ஏற்ற சூட்டில் ஈ.கோலை இருபது நிமிடத்துக்கு ஒரு முறை இரட்டிக்கிறது. இரண்டு மணித்தியாலத்தில் ஆறு முறை, அதாவது ஒன்று அறுபத்துநாலாகிறது. சித்திரை வெயிலில் மோட்டார் சைக்கிளின் பெட்டிக்குள் போத்தலை வைத்துக்கொண்டு வழியில் சந்தைக்கும் போய் வந்தால், தோலிலிருந்து தவறி விழுந்த சில கிருமிகள் பெரிய தொற்றுப் போலக் கணக்கில் வந்துவிடும். இரண்டு மணித்தியாலத்துக்குள் கொண்டுபோய்க் கொடுக்க முடியாவிட்டால் குளிர்சாதனப் பெட்டியில், உறைய விடாமல், 4 பாகை அளவில் வைத்தால் ஒரு நாள் வரை தாங்கும். நெடுந்தீவிலிருந்து வருபவருக்குக் குறிகட்டுவானுக்குப் படகு, அங்கிருந்து யாழ்ப்பாணத்துக்குப் பேருந்து என்று இரண்டு மணித்தியாலம் சாதாரணமாகக் கழிந்துவிடும். ஐஸ் கட்டிகளுக்கிடையில் போத்தலை வைத்துக் கொண்டுவர வேண்டும், அல்லது நகரத்துக்கு வந்த பின் ஆய்வுகூடத்திலேயே சிறுநீர் கொடுக்க வேண்டும்.

அறிக்கையைப் படித்தல்

யூ.எவ்.ஆர். என்று நாம் சொல்லும் சிறுநீர்ப் பொதுப் பரிசோதனை வேறு, கல்ச்சர் வேறு. முன்னதில் "பஸ் செல்ஸ்" எனப்படும் சீழ் அணுக்கள் கூடியிருப்பது அழற்சியைக் காட்டுகிறது. எந்தக் கிருமி, எந்த மருந்து என்று அது சொல்லாது. அதை மட்டும் வைத்து மருந்தகத்தில் குளிசை கேட்பது தவறு.

வளர்ப்புப் பரிசோதனையில் நடப்பதைக் கண்ணால் பார்த்தவருக்கு எதிர்ப்பு என்றால் என்ன என்று வேறு விளக்கம் வேண்டியிருக்காது. அளவான சிறுநீரைத் தட்டிலுள்ள ஊடகத்தில் இழுத்து ஒரு நாள் சூட்டறையில் வைக்கிறார்கள். வளர்ந்த கிருமியை எடுத்து இன்னொரு தட்டு முழுவதும் பூசி, வெவ்வேறு மருந்து தோய்த்த, 6 மில்லிமீற்றர் விட்டமுள்ள காகித வட்டுகளை அதன் மேல் வைத்து மறுபடி ஓர் இரவு விடுகிறார்கள். மறுநாள் தட்டு முழுவதும் சாம்பல் வெள்ளையாகப் படர்ந்திருக்கும். மருந்து பலித்த வட்டைச் சுற்றி அகன்ற தெளிந்த வளையம். பலிக்காத வட்டின் விளிம்பு வரை கிருமி நெருங்கி முட்டிக்கொண்டு நிற்கும். வளையத்தின் விட்டத்தை மில்லிமீற்றரில் அளந்தே அறிக்கையில் எஸ், ஐ, ஆர் என்ற எழுத்துகளை இடுகிறார்கள்: எஸ் என்றால் அடங்கும், ஆர் என்றால் அடங்காது, ஐ என்பதை வைத்தியரிடமே விட்டுவிட வேண்டும்.

ஆனால் எஸ் என்று கண்ட எந்த மருந்தும் உங்களுக்குப் பொருந்தும் என்று எண்ண வேண்டாம். நைற்றோபியூரன்ரோயின் சிறுநீர்ப்பையில் நன்றாக வேலை செய்யும், சிறுநீரகத் திசுவுக்குள் தொற்று ஏறியிருந்தால் போதாது. சிப்ரோபுளொக்சசினைக் கர்ப்ப காலத்தில் தவிர்ப்பார்கள். மெரோபெனம் போன்ற வலுவான ஊசி மருந்துகள் வேறு வழியில்லாத நோயாளருக்காகக் காக்க வேண்டியவை. "மிக்ஸ்ட் க்ரோத்" (பல கிருமிகள் கலந்து வளர்ந்தன) என்று வந்தால் பெரும்பாலும் மாதிரி எடுத்த முறை பிழைத்திருக்கிறது. மருந்தைத் தேடாமல், மறுபடி சிறுநீர் கொடுங்கள்.

மருந்து வேண்டாத நிலைகள்

சிறுநீரில் பற்றீரியா இருந்தும் எரிவு, காய்ச்சல், வலி எதுவும் இல்லையென்றால், கர்ப்பிணிகளையும் சிறுநீர்வழியில் சில சத்திரசிகிச்சைகளுக்குத் தயாராகிறவர்களையும் தவிர மற்றவர்களுக்கு மருந்து கொடுப்பதால் நன்மை இல்லை. வயது போனவர்களுக்கும் குழாய் போட்டவர்களுக்கும் இது மிகப் பொதுவானது. சிறுநீர் மணக்கிறது, கலங்கலாக இருக்கிறது என்பதற்காக மட்டும் குளிசை தொடங்கினால், வருத்தம் இல்லாதவருக்கு எதிர்ப்பு மட்டுமே மிஞ்சும். அப்பாச்சி இரண்டு நாளாகத் தடுமாறிப் பேசினால் உடனே சிறுநீரைக் குற்றம் சொல்லாமல், தண்ணீர் குடித்தவவா, மலம் போனதா, சீனி இறங்கிவிட்டதா, புதிதாக நித்திரைக் குளிசை தொடங்கினார்களா என்றும் பாருங்கள். தடுமாற்றம் நீடித்தால் வைத்தியரிடம் காட்டுங்கள். மறைவிடத்தில் கடியும் (அரிப்பும்) வெள்ளைபடுதலும் இருந்தால் அது பூஞ்சைத் தொற்றாக இருக்கலாம், குறிப்பாகச் சீனி கூடியிருப்பவர்களுக்கு. நுண்ணுயிர்கொல்லி அதை மேலும் மோசமாக்கும்.

இதற்கு நேரெதிராக, ஒரு மணிநேரமும் தாமதிக்கக்கூடாத நிலைகளும் உண்டு. நடுக்கத்தோடு காய்ச்சல், விலாப்புறத்தில் நோ, சத்தி (வாந்தி), மயக்கம், மூச்சு வாங்குதல், சிறுநீர் போகாமல் அடைத்தல் ஆகியவற்றில் ஏதும் இருந்தால் சனலிங் நேரத்துக்குக் காத்திராமல் வைத்தியசாலைக்குப் போங்கள். கர்ப்பிணி, காரணம் தெரியாமல் காய்ச்சல் காயும் குழந்தை, ஒற்றைச் சிறுநீரகம் உள்ளவர், சிறுநீரகம் மாற்றியவர் ஆகியோருக்கு இலேசான அறிகுறியும் அன்றைக்கே காட்ட வேண்டியது. தாளையும் குளிசைப் பையையும் கையோடு எடுத்துச் செல்லுங்கள்.

தொற்றே வராமல் பார்த்தல்

மருந்து குறைந்தால் எதிர்ப்பும் குறையும். ஆகவே தொற்றைத் தடுப்பதும் இந்த வழிகாட்டியில் சேரும். 2018இல் வெளியான ஓர் ஆய்வில், நாளொன்றுக்கு ஒன்றரை லீற்றருக்குக் குறைவாகக் குடித்து, அடிக்கடி தொற்று வந்த 140 பெண்களில் ஒரு பகுதியினரை மேலதிகமாக ஒன்றரை லீற்றர் தண்ணீர் குடிக்கச் செய்தார்கள். ஓராண்டில் அவர்களுக்கு வந்த தொற்று சராசரியாக 1.7 தடவை, வழக்கம் போலக் குடித்தவர்களுக்கு 3.2. காசு செலவில்லாத மருந்து இது. இருதய நோய்க்கோ சிறுநீரக நோய்க்கோ நீரை அளந்து குடிக்கச் சொல்லப்பட்டவர்கள் மட்டும் வைத்தியரைக் கேட்காமல் கூட்டக்கூடாது.

தண்ணீர் குடிக்கச் சொல்வது எளிது. குடித்தால் போக இடம் வேண்டுமே. கடைகளில் நிற்கும் பிள்ளைகள், தோட்டத்தில் வெங்காயம் கிண்டும் பெண்கள், நீண்ட தூரப் பேருந்தில் போகிறவர்கள் சுத்தமான மலகூடம் இல்லாததாலேயே தண்ணீரைக் குறைத்துக்கொண்டு சிறுநீரை அடக்குகிறார்கள். வேலைத்தலம் நடத்துபவர்கள் இதை மனதில் கொள்ள வேண்டும். மாதவிடாய் நின்ற பின் அடிக்கடி தொற்று வரும் பெண்கள், யோனியில் பூசும் ஈஸ்ட்ரஜன் களிம்பு தமக்கு ஏற்றதா என்று வைத்தியரிடம் கேட்கலாம். தொற்று திரும்ப வருவதை அது குறைக்கிறது. கேட்க வெட்கப்பட்டு ஆண்டுக்கணக்கில் குளிசை விழுங்குவதை விட ஒரு முறை கேட்டுவிடுவது மேல்.

மருந்து தொடங்கிய பின்

எழுதிய அளவில், எழுதிய நேரத்தில், எழுதிய நாட்களுக்கு எடுங்கள். சிறுநீர்ப்பைத் தொற்றுக்கு இப்போது மூன்று அல்லது ஐந்து நாள் மருந்தே பல வேளைகளில் போதுமென்று எழுதுகிறார்கள். "குறைவாக இருக்கிறதே" என்று நாமாகக் கூட்டவும் வேண்டாம், எரிவு நின்றதென்று நாமாக நிறுத்தவும் வேண்டாம். மிச்சம் வந்தால் வைத்திருக்காமல் மருந்தகத்திலோ வைத்தியசாலையிலோ கேட்டு அகற்றுங்கள். சுகமாகிவிட்டால், கர்ப்பிணிகளைத் தவிர மற்றவர்களுக்கு "கிருமி போய்விட்டதா" என்று மறுபடி பரிசோதிக்கத் தேவையில்லை.

வளர்ப்புப் பரிசோதனைக்குக் கொடுத்திருந்தால், சுகம் வந்தாலும் மூன்றாம் நாள் அறிக்கையை எடுத்துவிடுங்கள்; பலர் எடுக்காமலே விட்டுவிடுவதால் அடுத்த தடவைக்கு வேண்டிய தகவல் ஆய்வுகூடக் கோப்பிலேயே தங்கிவிடுகிறது. முதல் மருந்து தொடங்கி 48 மணித்தியாலம் கடந்தும் எரிவோ காய்ச்சலோ தணியவில்லையென்றால், மருந்தகத்தில் வேறு குளிசை மாற்றி வாங்காமல், அந்த அறிக்கையோடு அதே வைத்தியரிடம் திரும்பிப் போங்கள். அவர் எழுதித் தரும் புதிய மருந்தின் பெயரையும், பலிக்காத மருந்தின் பெயரையும் தாளில் அடுத்தடுத்த வரிகளில் திகதியோடு எழுதிக்கொள்ளுங்கள்.